நாற்பது கிலோபைட்டும் ஒரு தகர டப்பாவும்

பல பழைய விளையாட்டுகளின் பாத்திரங்களை ஒரே மேடையில் மோதவிடும் நின்டெண்டோவின் ஸ்மாஷ் பிரதர்ஸ் பற்றி ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பேச்சு எழுந்தால் ஒரு கருத்து தப்பாமல் வந்து விழும்: "அதுல பாதி ரெஃபரன்ஸ் நமக்குப் புரியாதுங்ணா. சின்ன வயசுலயே நின்டெண்டோ வச்சு ஆடுனவங்களுக்குப் போட்டது அது." ரெஃபரன்ஸ் என்றால் பழைய விளையாட்டை நினைவூட்டும் குறிப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியையே பெங்களூரு கடைகளில் இறக்குமதிச் சரக்காகத் தேடி வாங்க வேண்டியிருந்த வட்டாரம் இது. ஸ்விட்ச்சுக்கு வந்த ஸ்மாஷ் அல்டிமேட்டில் கடைசியில் நின்ற கணக்கு, தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய 89 ஆட்டக்காரர்கள். அவர்களில் தருமபுரிக்காரர் ஒருவர் மூல விளையாட்டைத் தொட்டுப் பார்த்திருக்கக்கூடிய ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பதில் சொல்பவர் பெரும்பாலும் மாரியோவோடு நிறுத்திக்கொள்வார். அந்தப் பதில்தான் உறுத்துகிறது. அது உண்மையில்லை. நம்மூர் ஆட்களுக்குத் தெரிந்த மூலங்கள் அவர்கள் நினைப்பதைவிட அதிகம். அவற்றின் பெயர்தான் தெரியாது. பெயர் தெரியாமல் விளையாட்டு மட்டும் தெரிந்த ஒருவருக்கு ஒரு ரெஃபரன்ஸ் எப்படிப் போய்ச் சேரும் என்பது, பெயர், வருடம், கம்பெனி எல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் யோசிக்காத கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்மாஷில் படமாக வரும் ரெஃபரன்ஸ், பாட்டாக வரும் ரெஃபரன்ஸ் எல்லாம் தெரிந்தவர்களுக்கு மட்டும் பலிக்கும். விதியாக வரும் ரெஃபரன்ஸ், அதாவது பழைய விளையாட்டு எந்தச் சட்டத்தில் ஓடியதோ அந்தச் சட்டமே புதிய ஆட்டக்காரனின் அடியாக மாறுவது, பெயர் தெரியாதவரின் விரலுக்கும் புரியும். இதை நம்மூரில் வைத்துப் பார்த்தால் வேறெங்கும் விட நன்றாகத் தெரிகிறது. காரணம், நம்மூரின் வீடியோ கேம் அறிவு விசித்திரமான வடிவத்தில் வெட்டப்பட்டது.

எட்டணா மூளையின் பாடத்திட்டம்

டிவி கேம் என்று நாம் சொன்ன பெட்டி, நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற பழைய விளையாட்டுப் பெட்டியின் நகல். மேலே சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று ஏதோ ஒரு பெயர் இருக்கும். கூடவே ஒரு துப்பாக்கி, இரண்டு கன்ட்ரோலர், "99999 இன் 1" என்று அச்சடித்த ஒரு கேசட். உள்ளே இருந்தது சில பத்து விளையாட்டுகள். மீதி எல்லாம் அதே விளையாட்டு வேறு பெயரில், அல்லது மூன்றாவது லெவலிலிருந்து தொடங்கும்படி மாற்றி வைத்தது. இந்தச் சில பத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்? ரசனையைவிட அதிகமாக முடிவு செய்தது சிப்பின் அளவு.

ஃபேமிகாமின் மூளை கேசட்டிலிருந்து ஒரே நேரத்தில் 32 கிலோபைட் நிரலைத்தான் பார்க்கும். படங்களுக்கு இன்னொரு 8. ஆக மொத்தம் 40 கிலோபைட். அதற்குமேல் போகும் விளையாட்டுக்குப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தர கேசட்டுக்குள்ளேயே தனி சர்க்யூட் வேண்டும். நகல் கேசட் செய்பவருக்கு அது கூடுதல் செலவு. அதனால் 40-க்குள் அடங்கியவை மொத்தமாக உள்ளே போயின: டக் ஹன்ட் (நம்மூர் வாத்து கேம்), ஹோகன்ஸ் ஆலி, வைல்ட் கன்மேன், பலூன் ஃபைட், ஐஸ் கிளைம்பர், எக்ஸைட்பைக். இவை ஒவ்வொன்றும் 24 கிலோபைட்தான். சூப்பர் மாரியோ 40-ஐ முழுதாகத் தின்றது. டேங்க் கேம் என்று நாம் சொன்ன பேட்டில் சிட்டியும் இந்தக் கூட்டம்தான். செல்டா 128 கிலோபைட். ஆட்டத்தைச் சேமிக்க உள்ளே பேட்டரி வேறு. மெட்ராய்டு கேசட்டும் 128. கிர்பியின் 1993-ஆம் ஆண்டு விளையாட்டு 768. இவை அந்தக் கேசட்டில் எட்டிப் பார்க்கவில்லை. கான்ட்ரா மாதிரி விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பொதுச் சட்டம் இதுதான்.

விளைவு என்ன? நின்டெண்டோவின் 1984, 1985-ஆம் ஆண்டுச் சரக்கு முழுக்கப் பாலக்கோடு வரைக்கும் தெரியும். அதே கம்பெனியின் 1986 தொடங்கி அடுத்த பதினைந்து ஆண்டுச் சரக்கு கிட்டத்தட்டத் தெரியாது. சூப்பர் நின்டெண்டோ இங்கே எட்டவே இல்லை என்று சொல்லலாம். ஸ்மாஷின் தேர்வுத் திரையை இந்தக் கண்ணோடு பார்த்தால் செல்டாவின் லிங்க்கும் மெட்ராய்டின் சாமஸும் அந்நியர்கள். ஒரு மூலையில் நிற்கும் நாயும் வாத்தும் சொந்தக்காரர்கள்.

இன்னொரு தற்செயலும் கைகொடுத்தது. துப்பாக்கி வேலை செய்ய டப்பா டிவி வேண்டும். 2006-க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குல டப்பா டிவிதான். தட்டை டிவி மற்ற ஊர்களில் துப்பாக்கி விளையாட்டைக் கொன்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே வீட்டுக்கு வீடு அதற்கேற்ற திரை வந்து இறங்கியது. விசையை அழுத்தினால் திரை ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு கருப்பாகும். அடுத்த பங்கில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். இரண்டு வாத்து இருந்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்ற வரிசையைப் பார்த்தால்தான் சுட்டதாகக் கணக்கு. எப்போதும் எரியும் குண்டு பல்பைக் காட்டி ஏமாற்ற முடியாததற்குக் காரணம் அந்தக் கருப்பு ஃபிரேம். தட்டை டிவி படத்தை உள்ளே வாங்கி, பதப்படுத்தி, சற்றுத் தாமதமாகக் காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வரும்போது விளையாட்டு விடை கேட்டு முடித்திருக்கும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் பலர். பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

நாய், டப்பா, ஐந்து துப்பாக்கிக்காரர்கள்

2014-இல் ஸ்மாஷின் நான்காம் தலைமுறையில் டக் ஹன்ட் ஆட்டக்காரராக வந்தபோது அதை ஒரு வேடிக்கைத் தேர்வு என்றுதான் பலர் பேசினார்கள். ஒரு நாய், அதன் முதுகில் ஒரு வாத்து. வாத்தைத் தவறவிட்டால் புல்லிலிருந்து எழுந்து சிரிக்கும் அதே நாய். படமாக மட்டும் பார்த்தால் இது சிரித்துவிட்டு நகர வேண்டிய ரெஃபரன்ஸ். இந்த ஆட்டக்காரரைக் கையில் எடுத்து நான்கு சிறப்பு அடிகளையும் ஒரு சுற்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் வேறு ஒன்று பிடிபடும்.

ஸ்பெஷல் பட்டனை மட்டும் தட்டினால் நாய் ஒரு தகர டப்பாவை உதைத்து வெளியே தள்ளும். மறுபடி தட்டினால் எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து டப்பாவை மேலே எகிற வைக்கும். இன்னொரு தட்டு, இன்னொரு எகிறல். எதிராளி மேல் பட்டால் வெடிக்கும். ஹோகன்ஸ் ஆலி ஆடியவர்களுக்கு இது அப்படியே மூன்றாவது விளையாட்டு. அதில் டப்பாக்கள் பறந்து வரும். கீழே விழ விடாமல் சுட்டுச் சுட்டு மேலே தூக்கி, மறுபுறம் இருக்கும் திண்டுகளில் உட்கார வைக்க வேண்டும். சுடும் தாளம் அதேதான். அவசரப்பட்டுத் தட்டினால் டப்பா உயரத்துக்குப் போய்ப் பயனில்லாமல் தொங்கும்; விழத் தொடங்கும்வரை பொறுத்து ஒரு தட்டு என்று போனால் எதிராளியின் தலைமட்டத்தில் நடந்து போகும். டப்பா திரையில் இருக்கும்போது நாய் வேறு அடி அடித்துக்கொண்டிருந்தாலும் பட்டனுக்கு டப்பா நகரும். இந்த ஆட்டக்காரரின் உயிரே அதில்தான் இருக்கிறது. வலது கையின் ஒரு விரலைத் தனியாகப் பிரித்து டப்பாவுக்கு எழுதி வைத்துவிட வேண்டும். புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்: டப்பாவையே பார்ப்பார்கள், நாய் அடிவாங்கும். எதிராளி டப்பாவை அடித்துத் திருப்பினால் அது நம் மேலேயே வெடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டு ஸ்பெஷல் களிமண் தட்டு. டக் ஹன்ட்டின் மூன்றாவது விளையாட்டு. எறிந்துவிட்டு மறுபடி தட்டினால் தட்டைச் சுடும். கீழ் ஸ்பெஷல் வைல்ட் கன்மேன். ஐந்து பேரில் ஒருவர் தோன்றி நின்று சுடுவார். மூல விளையாட்டில் எதிரே வந்து நிற்பவரின் கண் மின்னி "ஃபயர்" என்று வரும்வரை கையை அடக்கி வைத்திருப்பதுதான் ஆட்டமே. ஆளுக்கு ஆள் நேரம் மாறும். ஸ்மாஷிலும் ஐவருக்கும் சுடும் நேரம், தூரம், வலி எல்லாம் வேறு வேறு. யார் வருவார் என்று அழைத்தவருக்கும் தெரியாது. இப்போது எதிராளிதான் அந்தப் பழைய விளையாட்டை ஆடுகிறார்: வந்திருக்கும் ஆளின் தொப்பியைப் பார், எப்போது சுடுவான் என்று கணக்குப் போடு, அதற்குள் கேடயத்தை எடு.

முன்பக்க ஸ்மாஷ் அடியில் மூன்று தோட்டா, மேல்நோக்கிய ஸ்மாஷ் அடியில் மூன்று தோட்டா. டக் ஹன்ட்டில் ஒவ்வொரு வாத்துச் சுற்றுக்கும் கொடுத்தது மூன்று தோட்டா. நாய் தானாக யாரையும் பெரிதாகக் கடிப்பதில்லை; குண்டு பாயும் இடத்திலிருந்து துள்ளித் தப்பிக்கிறது, அந்தக் குண்டு எதிராளியைத் தாக்குகிறது. சரி, சுடுவது யார்? திரையில் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி பிடித்த ஆளும் இல்லை. குண்டு திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, பார்ப்பவர் உட்கார்ந்திருக்கும் திசையிலிருந்து வருகிறது. சுடுவது அன்றைக்கு டப்பா டிவி முன்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவர்தான். மூல விளையாட்டில் எப்படி அந்த ஆள் திரையில் கிடையாதோ, இதிலும் கிடையாது. நாயும் வாத்தும் சேர்ந்து ஒரு ஆட்டக்காரர் என்று கம்பெனி சொல்கிறது; ஆடிப் பார்த்தால் மூன்று பேர்.

என் கணக்கில் இந்தத் தொடரிலேயே மிக உயர்ந்த ரெஃபரன்ஸ் இதுதான். நாயின் படத்தை எடுத்துவிட்டு வேறு மிருகத்தை வைத்தாலும் வாத்து கேம் ஆடிய ஒருவர் இதை அடையாளம் கண்டுகொள்வார். அவருக்கு ஹோகன்ஸ் ஆலி என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நகல் கேசட்டின் மெனுவில் அந்தப் பெயர் சரியாக வந்திருந்ததற்கும் உத்தரவாதமில்லை.

இதே கேசட்டிலிருந்து வந்த மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐஸ் கிளைம்பர் ஜோடியை 2001-இலிருந்தே ஸ்மாஷில் பார்க்கலாம். 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியால் இருவரை ஒன்றாக இழுக்க முடியாமல் நான்காம் தலைமுறையில் மட்டும் விடுபட்டார்கள். மூலத்தில் ஒருவர் வேகமாக ஏறினால் திரை மேலே நகர்ந்து கூட்டாளி செத்துப்போவார். ஸ்மாஷில் கூட்டாளி போய்விட்டால் கயிறு வீசி மேலே ஏறும் அடி கிட்டத்தட்டச் செத்துவிடும்; மேடைக்கு வெளியே தனியாக மாட்டினால் திரும்பி வருவது கடினம். பலூன் ஃபைட்டின் இரண்டு பலூன், வில்லேஜர் என்ற ஆட்டக்காரர் மேலே பறக்கும் அடியாக இருக்கிறது. எதிராளி உடைக்கலாம் என்ற விதியும் சேர்ந்தே வந்திருக்கிறது. இரண்டுமே நல்லவை. டப்பா அளவுக்கு இல்லை.

தெரியாத பக்கம்

சூப்பர் நின்டெண்டோ காலத்து ஆட்களிடம் வந்தால் நிலைமை தலைகீழ். கேப்டன் ஃபால்கனின் குத்து உலகப் பிரசித்தம். அவருடைய 1990-ஆம் ஆண்டு எஃப்-ஜீரோ ஒரு கார் பந்தயம். அதில் அவர் யாரையும் குத்தவில்லை. குத்து ஸ்மாஷுக்காகவே செய்தது. நெஸ் என்ற சிறுவன் ஸ்மாஷில் தீயும் இடியும் எறிகிறான். அவனுடைய மூல விளையாட்டான எர்த்பவுண்டில் அந்த வித்தைகள் அவனுக்கு வராது, அவன் தோழி பாலாவுக்குத்தான் வரும். மூலம் தெரிந்தவருக்கு இது கண்சிமிட்டல். மூலம் தெரியாதவர் இதையே மூலம் என்று எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. விளையாட்டுதான் சொல்ல வேண்டும்.

முன்பு சொன்னது. ஸ்மாஷின் 2001-ஆம் ஆண்டுப் பதிப்பான மெலேயில் கோப்பைச் சிலைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம், எந்த விளையாட்டில் முதலில் வந்தது, எந்த ஆண்டு என்ற குறிப்பு. 2008-இல் அடுத்த பதிப்பான பிராலிலும், பிறகு நான்காம் தலைமுறையின் வீ யு பதிப்பிலும் மாஸ்டர்பீஸ் என்ற பகுதியில் மூல விளையாட்டையே சில நிமிடம் ஆடிப் பார்க்கலாம். அல்டிமேட்டில் இரண்டும் போய்விட்டது. பதிலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிரிட்டுகள். படமும் பெயரும் தொடரின் பெயரும் உண்டு. விளக்கம் ஒரு வரி கிடையாது. தருமபுரிப் பக்கத்துப் பாரதக் கூத்தில் எல்லாருக்கும் தெரிந்த துரியோதனனே வந்தாலும் கட்டியங்காரன் "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று கேட்காமல் விடமாட்டான், தெரிந்தவருக்கு அது ருசி, தெரியாத சிறுவனுக்கு அதுதான் வாசல். அல்டிமேட் கட்டியங்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேஷத்தை மட்டும் ஆயிரம் ஆக்கிவிட்டது.

ஸ்பிரிட்டுக்காக ஒன்று பேசலாம். ஒவ்வொரு ஸ்பிரிட்டோடும் ஒரு சண்டை இருக்கிறது. அந்த மூலப் பாத்திரத்தை வேறு ஆட்டக்காரரைக் கொண்டு நடிக்க வைப்பார்கள். உருவத்தைப் பெரிதாக்குவது, தரையை நஞ்சாக்குவது, ஒரு குறிப்பிட்ட அடியை மட்டும் பயன்படுத்த வைப்பது. இதுவும் விதியாக வரும் ரெஃபரன்ஸ்தான். நல்லவை சில இருக்கின்றன. எண்ணிக்கை கூடக்கூட "ஒரே ஆளை நான்காக நிறுத்து" என்ற வகையில் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

முகம் தெரியாது, கை தெரியும்

டிவி கேமுக்குப் பிறகு நம்மூரில் எல்லாருக்கும் பொதுவான அடுத்த பாடம் டெக்கன் 3 என்ற சண்டை விளையாட்டு. பிளேஸ்டேஷனில் 1998-இல் வந்தது; பிரவுசிங் சென்டர் கணினிகளில் எமுலேட்டர் வழியாக அதைவிட அதிகம் பேர் ஆடினார்கள். 2021 ஜூனில் ஸ்மாஷுக்கு டெக்கனிலிருந்து ஆள் வந்தது. வந்தது கசுயா. டெக்கன் 3-இல் கசுயா கிடையாது. இரண்டாம் பாகத்தின் முடிவில் எரிமலைக்குள் வீசப்பட்டு, நான்காம் பாகத்தில்தான் திரும்பினார். ஆக, நம்மூருக்கு மிக நெருக்கமான டெக்கனில் இல்லாத ஒரு மிஷிமா குடும்பத்தார் ஸ்மாஷுக்கு வந்து நிற்கிறார்.

ஆனால் ஸ்டிக்கை முன்னால் தட்டி, நடுவுக்கு விட்டு, கீழ், கீழ்-முன் என்று உருட்டியதும் குனிந்தபடி வழுக்கிப் போகும் அந்த அசைவை ஜின், ஹெய்ஹாச்சி ஆடியவர்களின் கை அறியும். கீழ்-முன் வரும் அந்த நொடித்துளியிலேயே குத்தை அழுத்தினால் மின்சாரம். கொஞ்சம் தாமதித்தால் மின்சாரம் இல்லாத சாதாரணக் குத்து. ஜாப் பட்டனிலிருந்து தொடரும் பத்து அடிச் சங்கிலி கூட இருக்கிறது. முகம் புதிது என்பதால் எதுவும் கெடவில்லை.

ஃபேட்டல் ஃபியூரி என்ற சண்டை விளையாட்டிலிருந்து வந்த டெர்ரி போகார்டில் இது இன்னும் நுணுக்கம். எஸ்என்கே கம்பெனியின் ஃபேட்டல் ஃபியூரி 2-இல் உயிர்க்கோடு மின்னத் தொடங்கும் அளவுக்குக் குறைந்தால்தான் பவர் கெய்சர் என்ற பேரடி கிடைக்கும். ஸ்மாஷில் உயிர்க்கோடே இல்லை. வாங்கிய அடி பூஜ்யத்திலிருந்து ஏறும் எண். எனவே 100 சதவீதத்தைத் தாண்டினால் கிடைக்கும் என்று சட்டத்தைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். உயிர்ப்புள்ளி வைத்து ஆடும் முறையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போக வேண்டும். சாகும் தறுவாயில் ஆபத்தானவனாக மாறும் அந்தக் குணம் அப்படியே நிற்கிறது. டெர்ரியோடு 2019-இல் வந்த 50 பாட்டுகளை நான் விரும்பிக் கேட்பேன். அவற்றைவிட இந்த ஒரு எண் எனக்குப் பெரிது.

டெக்கன் பழக்கத்தோடு இவர்களை எடுப்பவர்கள் முதலில் மாட்டுவது கன்ட்ரோலரில். ஸ்மாஷில் நகர்வதற்கு அம்புக்குறிப் பட்டன்களை ஒதுக்க முடியாது. எல்லா உருட்டலும் ஸ்டிக்கில்தான். உருட்டி முடிக்கும்போது விரல் சற்று மேலே ஏறினால் ஆள் குதித்துவிடுவார், அடி காணாமல் போகும். ஆப்ஷன்ஸில் கன்ட்ரோல்ஸ் போய் ஸ்டிக் ஜம்ப்பை நிறுத்திவிட்டு, குதிப்பதைப் பட்டனுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சிக்கல் ஆள் எண்ணிக்கை. இருவர் மட்டும் ஆடும்போது டெர்ரி, கசுயா, ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து வந்த ரியூ, கென் நால்வரும் தானாகவே எதிராளியைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள், பழைய சண்டை விளையாட்டின் விதிப்படி. மூன்றாவது ஆள் சேர்ந்தால் அந்த வசதி போய்விடும். டெர்ரிக்கு முன் ஸ்பெஷலும் பின் ஸ்பெஷலும் வேறு வேறு அடி. நான்கு பேர் சேர்ந்து ஆடும் இரவில், எந்தப் பக்கம் முகம் என்று பார்க்காமல் தட்டினால், பர்னிங் நக்கிள் போக வேண்டிய இடத்தில் கிராக் ஷூட் போகும். பயிற்சி முறையில் இருவராக வைத்துப் பழகிவிட்டு நேராக நால்வர் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் கன்ட்ரோலர் மேல் பழி போடுவது இதனால்தான்.